அன்று பல்லி சொல்லவில்லை

சில வருடங்களுக்கு முன், புத்தர் பிறந்த நாளான வெசாக் விடுமுறை ஒன்றில், கொட்டாஞ்சேனையில் என் அக்காவின் மேல்மாடி வீட்டில் நடந்தது இது. அந்த வருடம் வெசாக்கும் வைகாசி விசாகமும் ஒட்டிக்கொண்டு வந்தன. ஊரெல்லாம் காகித வெளிச்சக்கூடு கட்டிக்கொண்டிருக்க, அக்கா மட்டும் குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தாள். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் வெள்ளவத்தையில் ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். பிளவுஸ் தைப்பதுதான் பிரதான வேலை. கல்யாணம் என்ற விஷயத்தில் எனக்கு அளவு சரிவரவில்லை; அதனால் விடுமுறை வந்தால் அக்கா வீடுதான். அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தான் துறைமுகத்தில் கிளாக். தங்கமான மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சும் விடுவார்கள். அந்தப் பெருமூச்சுக்குக் காரணம் சாராயம். அவர் அடித்ததில்லை, ஏசியதில்லை. குடித்துவிட்டு வந்து படியில் உட்கார்ந்து அழுவார், அவ்வளவுதான். அதையும் அயலெல்லாம் பார்க்கும் என்பதுதான் அக்காவின் கவலை.

அந்த வருடம் தைப்பூசத்தன்று அக்கா அவரை ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், இனிக் குடிப்பதில்லை என்று நேர்ந்து, கையில் மஞ்சள் நூல் காப்புக் கட்டுவித்தாள். விசாகத்தன்று அதே சந்நிதியில் அவிழ்ப்பது என்று பேச்சு. அதுவரை மரக்கறிச் சாப்பாடு. வெங்காயம், உள்ளிப்பூண்டு கிடையாது. கட்டிலும் கிடையாது, பின்னறையில் பாய். பாய் மட்டும் முருகன் கேட்டதல்ல, அக்கா கேட்டது. அத்தான் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். "மச்சாள், முருகனை ஏமாத்தலாம், உங்கடை அக்காவை ஏமாத்தேலாது" என்று என்னிடம் சிரித்தார்.

அவர் நிறுத்திவிட்டார் என்று யாருமே நம்பவில்லை. நான் பாதி நம்பினேன். அக்கா முழுதாக நம்பினாள். "நான் நம்பாட்டி ஆர் நம்புறது?" என்பாள். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த மாதங்களில் அயலில் தலை நிமிர்ந்து நடந்தாள். அத்தான் காப்பை அவிழ்க்கும்போது பக்கத்தில் நிற்கவேண்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தாள்.

வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். பழைய காலத்துக் கட்டடம், மேல்தளம் பலகை. கீழே பருப்பு, கடலை, மிளகாய் மூட்டை அடுக்கும் களஞ்சியம். பின்னறைப் பலகைகளுக்கு நடுவே சில இடங்களில் விரல் நுழையும் இடைவெளி. பகலில் கீழே விளக்குப் போட்டால் மேலே கோடு கோடாக வெளிச்சம் தெரியும். மிளகாய் மூட்டை பிரிக்கிற நாளில் வீடு முழுக்கத் தும்மல்தான். அக்கா கீழே எட்டிப் பார்த்து ஏசுவாள். களஞ்சிய முதலாளி தானே மேலே வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒரு பை கடலை தந்துவிட்டுப் போவார்.

அப்புறம் பல்லிகள். அந்த வீட்டில் ஆட்களைவிடப் பல்லி அதிகம். அக்காவுக்கு அவைதான் சாட்சி. அவள் எதையாவது சொல்லி முடிக்க, சுவரில் ஒன்று "ச்சு ச்சு" என்றால் போதும், உடனே விரல் மடக்கி மேசையில் தட்டி, "பாத்தியா, பல்லி சொல்லுது" என்பாள். வாதாட முடியாது. பல்லி விழும் பலன் அச்சடித்த கலண்டர் ஒன்றும் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. நான் பகிடி பண்ணுவேன்: "அக்கா, பல்லிக்குச் சம்பளம் குடுக்கிறியோ?" அதற்கும் ஒரு பல்லி சொல்லும். அந்த வீட்டுப் பல்லிகள் அவள் கட்சி.

வெசாக்குக்கு முதல் நாள் பின்னேரம் நான் அங்கே போய் இறங்கியபோது நல்ல மழை. அக்கா வீட்டுக்குச் சந்துப் பக்கத்தால் மரப்படி ஏறிப் போகவேண்டும். களஞ்சியத்தின் பக்கக் கதவு பூட்டியிருந்தது. கதவின் ஓரமெல்லாம் மண்ணிற ஒட்டுநாடா ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க ஒட்டியிருக்கிறார்கள் போல, கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டே குடையை மடக்கிப் படியேறினேன்.

உள்ளே போனதும் ஒரு மணம். உள்ளி வதக்கியது போல. முழுதாக உள்ளியும் இல்லை, அடியில் கெட்ட மீன் மாதிரி ஏதோ ஒன்று. விரத வீட்டில் உள்ளியா என்று நினைத்தேன். கேட்கவில்லை. அக்காவே கேட்டாள்.

"உனக்கு மணக்குதே?"

"ஓம். என்ன சமைச்சனி?"

"நான் ஒண்டும் சமைக்கேல்லை." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இவர் மத்தியானம் வெளியில போயிட்டு வந்தவர். வந்ததிலையிருந்து தலையிடி எண்டு பின்னறையில படுத்திருக்கிறார். அதுக்குப் பிறகுதான் இந்த மணம்."

அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. சாராயத்தோடு பைற்ஸ் என்று உள்ளி போட்டு வறுத்த மீனோ, கணவாயோ சாப்பிடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். பின்னறையில் எட்டிப் பார்த்தேன். அத்தான் எழுந்து உட்கார்ந்து, "வாங்கோ மச்சாள்" என்றார். முகம் வெளிறியிருந்தது. சாராய வாடை இல்லை. மணம் மட்டும் அங்கே கூடுதலாக இருந்தது. "எனக்கு ஒண்டும் மணக்கேல்லையே" என்றார். அதுவும் அக்காவுக்குச் சந்தேகமாகிவிட்டது.

மழை என்று எல்லா யன்னலும் சாத்தியிருந்தது. நான் கடற்கரைப் பக்கம் இருந்து பழகியவள், காற்றில்லாமல் நித்திரை வராது. முன்னறையில் எங்கள் தலைமாட்டு யன்னலை மட்டும் சண்டை பிடித்துத் திறந்து வைத்தேன். சாரல் அடிக்குது என்று அக்கா முணுமுணுத்தபடி படுத்தாள். இன்றைக்கு இதை எழுத நான் உயிரோடு இருக்கிறேன் என்றால் அந்த யன்னல்தான் காரணம்.

காலையில் அக்கா என்னை உலுக்கி எழுப்பினாள். தலை பாரமாக இருந்தது, வயிற்றைப் பிரட்டியது. இரவு வெறும் பழம் சாப்பிட்டதால் என்று நினைத்தேன். அக்கா என் கையைப் பிடித்துச் சாமித் தட்டுக்கு முன் கொண்டுபோய் நிறுத்தினாள்.

முதல் நாள் பொன் மாதிரி மினுங்கிய குத்துவிளக்கு கறுத்திருந்தது. கரி பிடித்த கறுப்பு இல்லை. உள்ளேயிருந்து ஊறி வந்த மாதிரி ஒரு மங்கிய கறுப்பு, தண்டு, தட்டு, உச்சியில் இருந்த அன்னம் எல்லாவற்றிலும். பக்கத்தில் இருந்த செப்புச் செம்பும் அப்படியே. நான் விரலால் தேய்த்துப் பார்த்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"நேற்று நான் விளக்கினனான்தானே? நீ பாத்தனிதானே?" என்றாள் அக்கா.

நான் பதில் சொல்லுமுன் அவள் தலையில் ஏதோ பொத்தென்று விழுந்தது. பல்லி. அவள் வீரிட்டபடி தட்டிவிட்டாள். அது நிலத்தில் விழுந்து அப்படியே கிடந்தது. விழுந்த பல்லி ஓடும், எல்லோருக்கும் தெரியும். இது மல்லாக்காக, வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. குனிந்து பார்க்கும்போது இன்னொன்று என் தோளில் பட்டுத் தெறித்தது.

அக்கா நேரே கலண்டருக்குப் போனாள். தலையில் விழுந்தால் கலகம் என்று போட்டிருந்தது. தோளுக்கு வெற்றி. "உனக்கு வெற்றி, எனக்குக் கலகம்" என்றாள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே தும்புத்தடியை எடுத்து இரண்டையும் கூட்டப் போனேன். கதவு மூலையில் கரப்பான் பூச்சிகள் கால்களை மேலே நீட்டிக்கொண்டு கிடந்தன. அவற்றையும் சேர்த்துக் கூட்டி வாரினேன். நானும் ஒரு மனுஷி!

அத்தான் எழும்பவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பின்னறைக் கதவைத் திறந்ததும் அந்த மணம் முகத்தில் அடித்தது. அத்தான் பாயில் குப்புறக் கிடந்தார், முகம் பலகையோடு ஒட்டியபடி. வாந்தி எடுத்திருந்தார். அக்கா தோளைப் பிடித்துத் திருப்பினாள். கண்ணைத் திறந்தார். எழும்ப முயன்று சுவரில் சரிந்தார். நாக்குக் குழறியது.

"கீழை ஆரோ இருக்கினம்" என்றார். "இரவு முழுக்க மூச்சு விடுற சத்தம் கேட்டுது."

களஞ்சியம் வெசாக்குக்கு என்று பூட்டிக் கிடக்கிறது. கீழே ஒரு ஈ காக்கை இல்லை. நான் என்னை அறியாமல் பலகை இடைவெளியைப் பார்த்தேன். கீழே இருட்டு. ஒரு சத்தமும் இல்லை.

அக்கா அதையெல்லாம் கேட்கவில்லை. வாந்தி, தள்ளாட்டம், குழறல், உள்ளி மணம். இருபது வருடமாகப் பார்த்த காட்சி அவளுக்கு. வெசாக் என்று சாராயக் கடை எல்லாம் பூட்டு. அப்படியென்றால் ஒளித்துக் காய்ச்சி விற்கிற கசிப்பு. கணக்கு முடிந்துவிட்டது.

"குடிச்சனீரே?" என்றாள். கோபம் வந்தால் அவள் வாயில் 'நீங்கள்' 'நீர்' ஆகிவிடும்.

"நான் குடிக்கேல்லை."

"முருகனுக்கு நேந்த காப்பைக் கையில வைச்சுக்கொண்டு பொய் சொல்லுறீரே?"

"குடிக்கேல்லையடி" என்றார் அத்தான், மிகவும் மெதுவாக.

அக்கா அசையாமல் நின்றாள். அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்கு விளங்க ஒரு கணம் ஆனது. பல்லிக்கு. அந்த வீட்டில் ஒரு பேச்சுக்கு ஒன்பது பல்லி சொல்லும். அன்று சுவர்கள் எல்லாம் மௌனமாக இருந்தன. தூரத்தில் எங்கோ பக்திப்பாட்டு ஒலிபெருக்கியில் கேட்டது. வீட்டுக்குள் ஒன்றுமே இல்லை.

"பாத்தியா?" என்று என் பக்கம் திரும்பினாள். கண்ணீர் கொட்டியது. "ஒரு பல்லிகூடச் சொல்லேல்லை."

பிறகு கையை நீட்டினாள். "உன்ர கத்திரிக்கோலைத் தா."

என் கைப்பையில் எப்போதும் ஒரு சின்னக் கத்திரிக்கோல் இருக்கும், நூல் வெட்ட. ஏன் என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன். அவள் அவர் கையைப் பிடித்துக் காப்பை வெட்டினாள். அத்தான் தடுக்கவில்லை. வெறுங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டிய காப்பு நிலத்தில் விழுந்தது. தையல்காரிக்கு நிலத்தில் நூல் கிடந்தால் கை சும்மா இருக்காது. பழக்கத்தில் குனிந்து எடுத்துக் கைப்பையின் உள்பக்கத்தில் ஊசி குத்தி வைக்கும் துணியில் குத்திவைத்தேன். அது கோயில் காப்பு என்ற நினைவுகூட அந்த நேரம் இல்லை.

"தெளியட்டும்" என்று அக்கா அறைக் கதவைச் சாத்தினாள். அயலுக்குச் சத்தம் கேட்கக்கூடாது என்பதற்காக நன்றாக இறுக்கிச் சாத்தினாள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. கொஞ்சத்தில் திறந்து பார்த்தேன். கை கால் ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது, நகமெல்லாம் நீலம். கசிப்பில் கண் போனவர்கள், உயிர் போனவர்கள் கதை கேட்டிருக்கிறேன். "அக்கா, குடிச்சிருந்தாலும் மனுசன்தானே, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்" என்றேன். அவள் சாமித் தட்டுக்கு முன் உட்கார்ந்து புளியை எடுத்து விளக்கைத் தேய்க்கத் தொடங்கியிருந்தாள். தலை நிமிரவில்லை. "நீ வேணுமெண்டாக் கொண்டு போ. நான் வந்து எந்த முகத்தோடை நிக்கிறது?" என்றாள்.

சந்து முனையில் நிற்கும் ஓட்டோக்காரரைக் கூப்பிட்டேன். நல்ல மனிதர், பின்னறைவரை வந்து அத்தானைத் தூக்கிப் படியிறங்கினார். "பீலாத நங்கி?" என்று சிங்களத்தில் கேட்டார். குடித்திருக்கிறாரா என்று. நான் ஓம் என்று தலையாட்டினேன். அவர் உச்சுக்கொட்டினார், வெசாக்கும் அதுவுமாக என்ற மாதிரி. வழியெல்லாம் வெள்ளை உடுப்போடு சனம், இலவசச் சாப்பாடு கொடுக்கும் தன்சல் வரிசை, மழையில் ஊறித் தொங்கும் வெளிச்சக்கூடுகள். அத்தான் தலை என் தோளில் கிடந்தது. ஒரு தடவை கண் திறந்து, "காப்பை எங்கை?" என்றார். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் பார்த்தவர் ஓர் இளம் பெண் வைத்தியர், தமிழ் பேசும் முஸ்லிம் பிள்ளை. அத்தானின் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"என்னத்தக் குடிச்ச இவர்?"

"கசிப்பா இருக்கும், டொக்டர்."

"இருக்கும் எண்டு சொல்லாதீங்க. நீங்க கண்டீங்களா?"

"இல்லை."

அவர் குனிந்து அத்தானின் வாயை மணந்தார். "சாராய வாசம் இல்லையே. இது வேற என்னவோ வாசம். வீட்டுல ஏதும் மருந்து அடிச்சீங்களா? எலி, பூனை, பூச்சி ஏதாவது செத்துக் கிடந்துச்சா?"

"பல்லி" என்றேன். "பல்லி விழுந்தது. கரப்பானும் கிடந்தது."

அந்தப் பிள்ளையின் முகம் மாறியதை இன்றைக்கும் என் கண்ணால் பார்க்கிறேன். பேனையைக் கீழே வைத்தார். "வீட்டுக்குக் கீழ என்ன இருக்கு?"

"களஞ்சியம். பருப்பு மூட்டை..." சொல்லும்போதே அந்த மண்ணிற ஒட்டுநாடா என் கண்ணுக்கு முன் வந்தது. கதவின் நாலு ஓரமும். மழைத் தண்ணீருக்கென்றால் கீழே மட்டும்தானே ஒட்டுவார்கள்?

"வீட்டுல இப்ப யாராவது இருக்காங்களா?" என்றார் வைத்தியர்.

அக்கா.

நான் அடித்த ஃபோன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கோபத்தில் எடுக்கவில்லையா, எடுக்க முடியாமல் கிடக்கிறாளா? மணிச் சத்தம் அந்த வீட்டுக்குள் ஒலிப்பதை இங்கிருந்தே கேட்பது போல இருந்தது. பக்கத்து வீட்டு அன்ரியின் இலக்கம் நல்லகாலமாக என்னிடம் இருந்தது. பிளவுஸ் தைக்கத் தந்தவர். "அன்ரி, ஓடிப்போய் அக்காவை வெளியில இழுங்கோ. ஒண்டும் கேக்காதேங்கோ" என்று கத்தினேன். "மாதாவே" என்று ஒரு சொல், ஃபோனை வைத்துவிட்டார்.

பிறகு அன்ரி சொன்னதுதான் எனக்கு இன்னமும் கனவில் வருகிறது. கதவு திறந்தே இருந்ததாம். அக்கா விளக்குக்கு முன்னால் ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தாளாம். கண் திறந்திருந்தது, ஆளை அடையாளம் தெரியவில்லை. ஆனால் கை மட்டும் புளியால் விளக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்ததாம். அன்ரி விளக்கைப் பிடுங்கிய பிறகும் வெறும் நிலத்தில் அந்தக் கை தேய்த்ததாம்.

அக்காவைக் காப்பாற்றிவிட்டார்கள். நான் திறந்து வைத்த யன்னலுக்குக் கிட்ட இருந்தபடியால் பிழைத்தாள் என்றார்கள். அத்தான் அன்று பொழுது படுமுன் போய்விட்டார். அந்த நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை என்று அந்த வைத்தியப் பிள்ளை என்னிடம் சொன்னபோது அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

களஞ்சியத்தைப் பொலிஸார் முகமூடி போட்டுக்கொண்டுதான் திறந்தார்கள். மூட்டைகளுக்கு வண்டு பிடிக்காமல் இருக்க நச்சுக் குளிகை வைத்து, மேலே தறப்பாள் போட்டு மூடியிருந்தது. ஈரக் காற்றுப் பட்டால் அந்தக் குளிகை நச்சு வாயுவாக மாறுமாம். எச்சரிக்கைக் காகிதம் ஒன்று தெருப்பக்கக் கதவில் ஒட்டியிருந்தது. நாங்கள் சந்துப் பக்கத்தால் ஏறுகிறவர்கள். முதலாளி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஒவ்வொரு வெசாக்குக்கும் அக்காவும் அத்தானும் கதிர்காமம் போய்விடுவார்கள்; இந்த முறையும் போய்விட்டார்கள் என்றே அவர் நினைத்திருக்கிறார். படியேறி வந்து ஒரு தடவை கேட்டிருக்கலாம். கடலை கொடுக்க ஏறி வருகிறவருக்கு இதைக் கேட்க ஏறி வரத் தோன்றவில்லையே என்று எனக்கு இன்றுவரை ஆத்திரம்தான். இந்த முறை அவர்கள் கதிர்காமம் போகாததற்குக் காரணம் அந்தக் காப்பு.

வீட்டைத் திறந்து காற்றோட விட்ட பிறகு, உடுப்பு எடுக்க நான் போனேன். திரைச்சீலையை இழுத்தபோது கம்பியிலிருந்து விழுந்தன. சாமிப் படத்துக்குப் பின்னால், கலண்டருக்குப் பின்னால், மின்குமிழுக்கு மேலே, எங்கு தொட்டாலும் காய்ந்த பல்லி. அந்தக் கலண்டரைக் கழற்றிக் கையில் எடுத்தேன். பல்லி எங்கே விழுந்தது என்று பார்த்தோம். ஏன் விழுந்தது என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அத்தான் "குடிக்கேல்லை" என்றபோது ஆமாம் என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு பல்லியும் உயிரோடு இருக்கவில்லை.

பிரேத பரிசோதனை முடிந்த பிறகு சட்ட வைத்திய அதிகாரி எங்களைக் கூப்பிட்டார். அக்கா ஆஸ்பத்திரிச் சேலையோடு சக்கர நாற்காலியில் வந்திருந்தாள். அவர் வயதானவர், நிதானமாகத் தமிழில் கதைத்தார். வாயு எப்படி நுரையீரலுக்குப் போனது, செப்பும் பித்தளையும் ஏன் கறுத்தன, அதற்குள்ளேயே கிடந்தவருக்கு அந்த மணம் ஏன் தெரியாமல் போனது, இரத்தம் குறைந்த மூளைக்கு இல்லாத சத்தமெல்லாம் எப்படிக் கேட்கும் என்று சொன்னார். அக்கா எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஐயா, இவர் குடிச்சிருந்தவரே?"

"இல்லை அம்மா. ஆஸ்பத்திரிக்கு வந்த உடனை எடுத்த இரத்தத்தைப் பாத்தாச்சு. வயிற்றையும் பாத்தனான். ஒரு துளி மதுசாரம் இல்லை. மிச்ச மாதிரிகள் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருக்கு, முடிவு வர மாதக் கணக்காகும். ஆனால் இதை இப்பவே சொல்லலாம். ஈரலையும் பாத்தனான். பழைய காயம் ஆறத் தொடங்கியிருக்கு. இவர் கன நாளாவே தொடேல்லை."

அக்கா அழவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது. திரும்பி என்னைப் பார்த்து, "அந்தக் காப்பு எங்கை?" என்றாள். அத்தான் ஓட்டோவில் கேட்ட அதே கேள்வி. குரல்கூட அதே மாதிரி இருந்தது.

கைப்பையைத் திறந்தேன். ஊசித் துணியில் அது குத்தினபடியே இருந்தது, கோயிலில் போட்ட முடிச்சு அவிழாமல்.

பிரேதம் வைக்கும் மலர்ச்சாலையில் அத்தானைக் கிடத்தியிருந்தபோது அக்கா அதை அவர் கையில் கட்டப் பார்த்தாள். வெட்டிய நூல், கை வேறு வீங்கியிருந்தது. இரண்டு நுனியும் எட்டவில்லை. புது நூல் வாங்கிக் கட்டுவோம் என்று யாரோ சொன்னார்கள். அக்கா பார்த்த பார்வையில் சொன்னவர் பின்னுக்குப் போய்விட்டார். பிறகு என்னிடம், "நீ தைச்சு விடு" என்றாள்.

தைத்தேன். மஞ்சள் நூல் கோத்து, இரண்டு நுனியையும் இணைத்து, அந்தக் குளிர்ந்த மணிக்கட்டில் ஊசி படாமல். எத்தனையோ மணப்பெண்களுக்கு மண்டபத்தில் வைத்தே அவசரத் தையல் போட்டிருக்கிறேன், கை நடுங்கியதில்லை. அன்று ஊசியில் நூல் கோக்கவே முடியவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாகத்தான் முடித்தோம். முடிச்சுப் போட்டதும் நான் கத்திரிக்கோலை எடுத்தேன். "வேண்டாம்" என்று சொல்லி, அக்கா குனிந்து மிச்ச நூலைப் பல்லால் கடித்தாள். அப்போதுதான் அழுதாள்.

இப்போது அக்கா என்னோடு வெள்ளவத்தையில் இருக்கிறாள். சில மாதம் கழித்து ஆய்வு முடிவு வந்தது. அந்தச் சட்ட வைத்திய அதிகாரி சொன்னதைத்தான் அதுவும் சொன்னது. அக்கா அதைக் கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியும், அவர் குடிக்கேல்லை" என்றாள். சுவரில் ஒரு பல்லி "ச்சு ச்சு" என்றது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் விரல் மடக்கித் தட்டவில்லை. எழுந்துபோய், அந்தப் பல்லி சுவரில் ஓடி மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் பல்லி சொன்னால் இரண்டு பேரும் பலன் பார்ப்பதில்லை. நெடுநேரம் சொல்லாமல் இருந்தால்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, எழுந்து போய் யன்னல்களை எல்லாம் திறக்கிறோம்.